ஹார்மோன் அறிக்கையில் ஒற்றை எண் பேசாது

மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரோஸ் ஹில்லோ போர்ட் லூயிஸோ, தமிழர் வீட்டு அலமாரியைத் திறந்தால் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கோப்பு நிறையக் கிடக்கும். தாள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். விளக்கம் தேடுவது தமிழ்நாட்டு யூடியூபில். முதல் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்கிறது காணொளி. கையில் இருக்கும் தாளில் 7.4. அப்பாடா என்று தாளை மூடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அளப்பது மில்லிகிராமில், இங்கே மில்லிமோலில். 7.4-ஐ 18-ஆல் பெருக்கினால் 133, எல்லையைத் தாண்டியாயிற்று.

இந்தக் குழப்பம் ஒரு பெருக்கலில் தீர்ந்துவிடும். இன்னொன்று அப்படித் தீராது. ஹார்மோன் பரிசோதனை எதிலும் ஒற்றை எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதை ஏவும் ஹார்மோன் எவ்வளவு, இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஏன் அப்படி என்று புரிய, ஹார்மோன் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுரப்பதும் கேட்பதும்

வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. சுரந்தது குழாய் வழியாக வெளியே வரும். பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு, அட்ரீனல், கணையத்தின் ஒரு பகுதி, சினைப்பை, விந்தகம் ஆகியவற்றுக்குக் குழாய் இல்லை. சுரப்பதை நேராக இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் அதை உடல் முழுக்கக் கொண்டுபோகிறது. ஆனால் எல்லாச் செல்லும் அதைக் கேட்பதில்லை. அந்த ஹார்மோனுக்கென்று ஏற்பி வைத்திருக்கும் செல் மட்டுமே கேட்கும். ஏற்பி என்பது ஹார்மோன் வந்து பொருந்தும் ஒரு புரதம். அளவோ மிக நுண்ணியது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் நானோகிராம், பிகோகிராம் கணக்கு.

ஆகவே கோளாறு மூன்று வகையில் வரலாம். சுரப்பி குறைவாகச் சுரக்கும், அதிகமாகச் சுரக்கும், அல்லது சுரப்பு சரியாக இருந்தும் செல் கேட்காது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தொடங்குவது இந்த மூன்றாவதில்தான். ஹார்மோன் நோய் என்றாலே சுரப்புக் குறைவு என்று நினைத்துக்கொள்வதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

ஹார்மோன் எவ்வளவு நேரம் இரத்தத்தில் நிற்கும் என்பதும் முக்கியம். இன்சுலின் ஒரு புரதம். செல்லுக்கு வெளியிலேயே ஏற்பியைத் தொட்டு நிமிடங்களில் வேலையைக் காட்டும். உடல் சுரந்த இன்சுலினில் பாதி சுமார் 5 நிமிடத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும். விழுங்கினால் மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. கார்ட்டிசோல், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டுகள். செல்லுக்குள் புகுந்து மரபணுக்களின் வேலையையே மாற்றுபவை. பலன் தெரிய மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். தைராய்டின் டி4 இன்னும் நிதானம்: இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே சுமார் 7 நாள். மருந்தை எத்தனை வேளை எடுப்பது, எப்போது மறுபடி சோதிப்பது என்பதெல்லாம் இந்தக் கால அளவிலிருந்து வருகிற கணக்குதான்.

கட்டுப்பாடு எப்படி நடக்கிறது? இங்கே பல வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அதன் மிதவை வால்வைப் போல. மட்டம் இறங்கினால் வால்வு திறக்கும், ஏறினால் மூடும். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மட்டம் குறைந்தால் டி.எஸ்.எச். என்ற ஏவல் ஹார்மோனைக் கூட்டும், மிகுந்தால் குறைக்கும். பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் இருந்து அதை ஏவுகிறது. அட்ரீனல், சினைப்பை, விந்தகம் மூன்றுக்கும் இதே மாதிரி மேலிடம் உண்டு. கணையமும் பாராதைராய்டும் பிட்யூட்டரிக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்று குளுக்கோஸையும் மற்றது கால்சியத்தையும் தாமே நேரடியாகப் பார்க்கின்றன.

தைராய்டு: தலைகீழாகப் படிக்க வேண்டிய எண்

டி.எஸ்.எச். 12 என்று வந்தால், தைராய்டு அதிகமாகிவிட்டது என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். நேர் எதிர். தைராய்டு தளர்ந்திருக்கிறது, அதை வேலை வாங்க பிட்யூட்டரி கூடுதலாகச் சுரக்கிறது என்பதே அதன் பொருள். பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும், முதியவர்களுக்கு மேல் எல்லை சற்று உயரும். பக்கத்திலேயே ஃப்ரீ டி4, அதாவது இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4, எவ்வளவு என்று பாருங்கள். டி.எஸ்.எச். கூடி டி4 குறைந்திருந்தால் ஹைப்போதைராய்டு உறுதி. டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் நடுவில், டி4 சரியாக இருந்தால் உடனே ஆயுள் மாத்திரை தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் கணிசமானவர்களுக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க முயல்பவர்களுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. டி.எஸ்.எச்.சும் டி4-உம் இரண்டுமே குறைந்திருந்தால் கோளாறு தைராய்டில் இல்லாமல் மேலே பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் பார்த்திருந்தால், அது வரம்பின் கீழ் விளிம்பில் சமர்த்தாக நின்று ஏமாற்றியிருக்கும்.

ஹைப்போதைராய்டின் அடையாளங்கள் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு. உப்பில் அயோடின் சேர்க்கும் நாடுகளில் பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. அதற்குப் போய் முட்டைக்கோஸையும் மரவள்ளியையும் தள்ளி வைப்பதில் பயனில்லை. வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம். கடற்பாசி மாத்திரை வாங்கி அயோடினை ஏற்றிக்கொள்வதுதான் ஆபத்து. அளவு மிஞ்சிய அயோடின் தைராய்டை இன்னும் கெடுக்கும். பெரியவர்களுக்கு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250.

ஹைப்போதைராய்டுக்குத் தரும் லெவோதைராக்சின் மாத்திரை பலன் தராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் எடுக்கும் முறை. சுரப்பு முழுதும் நின்றவருக்கு முழு அளவு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ என்றால் 100 மைக்ரோகிராம் அளவில் வரும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும். எழுந்ததும் பால் விட்ட வனிலாத் தேநீரோடு விழுங்கினால் குடல் உறிஞ்சுவது குறைந்துவிடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள் இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். தினமும் ஒரே வேளையாக இருந்தால் போதும். ஒரு நாள் மறந்தால் பதற்றம் வேண்டாம். 7 நாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அளவை மாற்றிய இரண்டாம் வாரமே டி.எஸ்.எச். பார்ப்பது காசுக்குக் கேடு. 6 முதல் 8 வாரம் ஆகவேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெண் கருவுற்றால் தேவை உடனே ஏறுகிறது. வாரம் 7-க்குப் பதில் 9 மாத்திரை என்று தொடங்கிவிட்டு அந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம் ஹைப்பர்தைராய்டு: டி.எஸ்.எச். தரையில், டி4 உச்சத்தில். எடை குறையும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குக் கண் பிதுங்கும். பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய். அதற்குக் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த மருந்து அரிதாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை: செல் கேட்காதபோது

கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்ற சிறு செல் கூட்டங்கள் உண்டு. அங்குள்ள பீட்டா செல் இன்சுலினையும் ஆல்ஃபா செல் குளுக்ககானையும் சுரக்கும். இன்சுலின், குளுக்கோஸை எடுத்துக்கொள் என்று தசைக்கும் கொழுப்புக்கும் சொல்கிறது. அது மட்டுமில்லை, குளுக்கோஸை வெளியே விடாதே என்று கல்லீரலுக்கும் சொல்கிறது. இந்த இரண்டாவது வேலை தெரிந்தால், இரவு வெறும் சூப் குடித்துப் படுத்தும் காலையில் 9 காட்டுகிறதே என்ற புலம்பலுக்கு விடை கிடைக்கும். விடியற்காலையில் கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும். அவை கல்லீரலைக் குளுக்கோஸ் விடச் சொல்லும். இன்சுலினைக் கேட்காத கல்லீரல் தாராளமாக விட்டுத்தள்ளும். இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாம் வகை நோய் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து வருவது. செல்கள் இன்சுலினைக் கேட்க மறுக்க, பீட்டா செல் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். அந்தக் காலம் முழுக்கச் சர்க்கரை எண் ஒழுங்காகவே இருக்கும். ஈடுகட்டிக் களைத்த பிறகே எண் ஏறும். ஒளிந்திருக்கும் கட்டத்தைக் காட்டும் அடையாளங்கள் வேறு: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டுவது, ட்ரைகிளிசரைடு உயர்வு, கல்லீரலில் கொழுப்பு, கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலக் கறுப்பது. பிள்ளையின் கழுத்தைப் பார்த்து அழுக்கு என்று நார் போட்டுத் தேய்க்கும் தாய்மார் உண்டு. தேய்த்தால் போகாது, அது மிகுந்த இன்சுலின் தோலில் வரைந்த கோடு.

இதெல்லாம் இந்திய இரத்தத்தின் தலையெழுத்து என்று இங்கே சொல்லிக்கொள்வது வழக்கம். 1987-இல் நடந்த நாடு தழுவிய ஆய்வில் இந்திய வம்சாவளியினர், கிரியோல்கள், சீனர்கள் எல்லாரிடமும் சர்க்கரை நோய் உயர்ந்தே காணப்பட்டது. மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் கரும்பு வெட்டிய உடல் நாற்காலிக்கு வந்ததற்கும் பெரும் பங்கு உண்டு.

சர்க்கரை நோயின் எல்லைகளை மில்லிமோலில் மனத்தில் வைத்துக்கொள்வது இங்கே வசதி. வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 11.1 அல்லது மேல், எச்.பி.ஏ.1சி. 6.5 சதவீதம் அல்லது மேல். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது; இன்னொரு முறை உறுதிசெய்ய வேண்டும். எச்.பி.ஏ.1சி. சில தாள்களில் 48, 53 என்று வேறு அலகில் இருக்கும். 48 என்பது 6.5 சதவீதம், 53 என்பது 7. அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது, ஏனென்றால் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். சிவப்பணுவுக்கே கோளாறு என்றால் எண்ணும் பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் ஏறிக் காட்டும். இரத்த இழப்புக்குப் பின்னும் சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய்களிலும் இறங்கிக் காட்டும். விரல் குத்திப் பார்த்த எண்ணும் எச்.பி.ஏ.1சி.யும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணியில் 10.0, இரண்டு மணியில் 8.5 என்ற மூன்றில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிடாமல் 6 முதல் 12 வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

முதல் வகை வேறு நோய். எதிர்ப்புச் சக்தி பீட்டா செல்லை அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் இல்லை. படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால், தாகமும் மெலிவும் சேர்ந்தால், அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை என்றால், இன்சுலின் இல்லாமல் கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோ அமிலம் இரத்தத்தில் ஏறிவிட்டது. 114-ஐ அழைத்து சாமு ஆம்புலன்சை வரவழைக்க வேண்டிய நேரம். ஒல்லியான நடுவயதுக்காரருக்கு மாத்திரை எதுவும் பிடிக்கவில்லை என்றாலும் முதல் வகையை நினைக்க வேண்டும். அப்போது குளுக்கோஸோடு சேர்த்து சி-பெப்டைடு பார்ப்பார்கள். உடல் இன்சுலின் சுரக்கும்போதெல்லாம் அதே அளவில் சி-பெப்டைடும் வெளிவரும். ஊசி மருந்தில் அது கிடையாது. குளுக்கோஸ் ஏறியிருக்க சி-பெப்டைடு தரையில் கிடந்தால் கணையம் கைவிட்டுவிட்டது என்று பொருள்.

மெட்ஃபார்மின், கல்லீரலின் குளுக்கோஸ் விடுதலையைக் குறைக்கிறது. 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப்போக்கு குறையும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 பார்த்துக்கொள்ள வேண்டும். கால் எரிச்சலுக்கு எல்லா நேரமும் சர்க்கரையே காரணமில்லை. கிளிக்லசைடு போன்றவை கணையத்தைப் பிடித்துத் தள்ளிச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தள்ளும். ஆகவே சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இன்சுலினுக்கும் இவற்றுக்கும் உண்டு, மெட்ஃபார்மினுக்குத் தனியாக ஏறக்குறைய இல்லை.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. பத்து நாள் மரக்கறி உணவால் தீங்கு ஒன்றுமில்லை. ஒரு வேளை மட்டும் உண்பது, ஊர்வலத்தன்று காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் கோடை வெயிலில் நடப்பது என்று வரும்போதுதான் சிக்கல். கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் போய் அளவைக் குறைத்து எழுதி வாங்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் விரத நாளில் அவற்றை நிறுத்தலாமா என்று அவசியம் கேட்க வேண்டும். அவை சிறுநீரில் சர்க்கரையோடு நீரையும் தள்ளுபவை. பட்டினியில் சர்க்கரை எண் அதிகம் ஏறாமலேயே கீட்டோ அமிலம் ஏற வைக்கக்கூடும். முழு இன்சுலினையும் தாமாக நிறுத்துவது முதல் வகைக்காரருக்குத் தற்கொலைக்குச் சமம்.

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்து 3.9-க்குக் கீழ் என்றால், அல்லது கருவி கையில் இல்லை என்றால், 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, அல்லது 150 மில்லிலிட்டர் பழச்சாறு. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே. ஏறியதும் ரொட்டியோ சோறோ கொஞ்சம். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 114. கிளிக்லசைடால் தாழ்ந்த சர்க்கரை ஏறிவிட்டு மறுபடி விழும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. விரதம் முறிந்துவிடுமே என்று சர்க்கரை நீரை மறுப்பவரைக் கோயில் ஐயாவைக் கொண்டாவது குடிக்கச் சொல்லுங்கள்.

பாதம் இன்னொரு கவலை. நெடுநாள் சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் பாதம் மரத்துப்போகும். தார்ச்சாலையின் சூடும் தீமிதிக் குழியின் சூடும் தெரியாமல் போவது பக்தியின் பலம் என்று எடுத்துக்கொள்ளப்படுவதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. நரம்பு மரத்தவர் குழியில் இறங்கவே கூடாது. 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். தேர்ச்சி பெறாதவர் காவடியைச் செருப்போடு எடுப்பதா, வேறு நேர்த்தி செய்வதா என்று கோயிலில் பேசிக்கொள்ளலாம்.

இன்சுலின் சேமிப்பு பற்றி ஒரு சொல். திறக்காதது 2 முதல் 8 பாகை வரை, உறைபெட்டிப் பக்கம் ஒட்டாமல். உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டியதுதான். திறந்த பேனா, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்குக் கீழ் 28 நாள் தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்புக்கு ஏறியதும் மருந்து இருப்பைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் மருந்தகம் தேடி அலைய முடியாது. மின்சாரம் போனால் குளிர்பெட்டியில், பனிக்கட்டி நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். ஊசி போடும் இடத்தை விரலகலம் தள்ளித் தள்ளி மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு கட்டி தட்டும். அதற்குள் போட்ட மருந்து இன்று ஏறும், நாளை ஏறாது. காரணமே இல்லாமல் சர்க்கரை ஆடுகிறது என்பவர்கள் வயிற்றைத் தடவிப் பார்க்கட்டும்.

கார்ட்டிசோனை நிறுத்தும்போது

அட்ரீனலின் கார்ட்டிசோல் காலை எழும் நேரத்தில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். பிற்பகலில் எடுத்த கார்ட்டிசோல் எண் எதற்கும் உதவாது. இங்கே அட்ரீனல் கோளாற்றுக்கு மிகப் பொதுவான காரணம் சுரப்பியே இல்லை, மருந்து. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் தரும் கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மாத்திரையை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தால், வெளியிலிருந்து வருகிறதே என்று பிட்யூட்டரி ஏவுவதை நிறுத்திவிடும். அட்ரீனல் சுருங்கித் தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் இரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்குவது வழக்கம். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிக்கு மருத்துவமனை. சந்தையில் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூலிகை மூட்டுவலி மாத்திரை ஒரே நாளில் வலியைப் பறக்கடித்தால் மகிழாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. முகம் உருண்டை ஆவது, தோல் மெலிந்து எளிதில் கன்றுவது, வயிற்றில் அகன்ற ஊதாக் கோடுகள், தொடை பலமிழந்து நாற்காலியிலிருந்து எழத் திணறுவது இதன் பின்விளைவுகள். குஷிங் நோயில் உடலே கார்ட்டிசோலை மிகுதியாகச் சுரந்து இப்படி ஆக்குகிறது. அதை அறிய இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து, காலை 8 மணிக்குக் கார்ட்டிசோல் பார்ப்பார்கள். சரியான உடலில் அது 50 நானோமோலுக்குக் கீழ் அடங்கிவிடும்.

அடங்காத சுரப்புக்கு மறுகோடி அடிசன் நோய்: அட்ரீனலே அழிந்துபோவது. தன்னெதிர்ப்பும் காசநோயும் காரணங்கள். எடை குறைவு, உப்பு ஆசை, எழுந்தால் தலைசுற்றல், சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது. தோல் கறுப்பது முக்கிய அடையாளம் என்று நூல்கள் சொல்லும். நம் நிறத்தில் அது கண்ணில் படாது. உள்ளங்கைக் கோடுகள், ஈறு, புதுத் தழும்பு ஆகியவற்றில் பாருங்கள்.

பெண்களின் தாள்கள்

மாதவிடாய் தவறும் பெண்ணின் ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதி வந்தால் வீடே கலங்குகிறது. பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற அந்தக் கோளாறு கட்டி நோயே அல்ல. முதிராமல் நின்ற சிறு முட்டைப் பைகள்தாம் அங்கே தெரிபவை. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, அதாவது முகத்தில் முடி, பரு அல்லது இரத்த அளவு, ஸ்கேனில் அந்தத் தோற்றம். மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டும், பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டினும் காரணமில்லை என்று தெரிந்தால்தான் அந்தப் பெயர். ஸ்கேன் மட்டும் போதாது. பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்ணுக்கு ஸ்கேன் தோற்றத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அந்த வயதில் அது இயல்பு. பலருக்கு அடியில் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு: மிகுந்த இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டும். அதனால்தான் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் இங்கே வந்து நிற்கிறது.

புரோலாக்டின் ஏறினால் மாதவிடாய் நிற்கும், பிள்ளை இல்லாதவருக்கும் பால் கசியும். பிட்யூட்டரிக் கட்டி என்று பயப்படுவதற்கு முன் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். வாந்திக்குத் தரும் டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மருந்துகள் எல்லாம் அதை ஏற்றும். கவனிக்காத ஹைப்போதைராய்டும் ஏற்றும். கட்டியாகவே இருந்தாலும் பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. வாரம் ஒன்றிரண்டு முறை கேபர்கோலின் மாத்திரையில் சுருங்கிவிடும்.

கால்சியத்தின் சோடி பாராதைராய்டு ஹார்மோன். கால்சியம் ஏறினால் அது அடங்க வேண்டும். கால்சியம் 2.8 என்று ஏறி, அந்த ஹார்மோன் வரம்புக்குள் என்று தாள் சொன்னால் அது நலம் அல்ல. அடங்க வேண்டியது அடங்கவில்லை. சிறுநீரகக் கல் மறுபடி மறுபடி வருபவர்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்துக்குப் போகுமுன்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்துங்கள். பல ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐ ஏற்றியும் காட்டி, இல்லாத ஹைப்பர்தைராய்டை உண்டாக்கும். லெவோதைராக்சின் எடுப்பவர்கள் அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு விழுங்கலாம். கார்ட்டிசோலும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனும் காலையில். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றால் வேறொரு காலை மறுபடியும் எடுத்துப் பார்த்த பிறகே சிகிச்சைப் பேச்சு. சினைப்பையை ஏவும் எஃப்.எஸ்.எச்., சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரடையால் கேட்டிருந்தால் மாதவிடாயின் 2 முதல் 4-ஆம் நாள். புரோலாக்டினுக்கு ஆய்வகத்தில் கால் மணி நேரமாவது உட்கார்ந்து இளைப்பாறி, பிறகு கையை நீட்டுங்கள். தாளின் ஓரத்தில் பேனாவால் மூன்றை எழுதி வையுங்கள்: எத்தனை மணி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், அன்று என்ன மருந்து. அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்கக்கூடும். அந்த மூன்றும் கணினியில் ஏறியிருக்காது.